சோறும் மருந்தும்: வரம்பு கட்டுவது யார் பொறுப்பு?

‘உணவே மருந்து’ என்ற வாசகத்தைச் சுவரில் எழுதி வைக்காத பாடசாலை நம் பக்கத்தில் அரிது. சுகாதார தினக் கட்டுரைப் போட்டி என்றால் பிள்ளைகளில் பாதிப் பேர் இந்த வாசகத்தோடுதான் தொடங்குவார்கள். அளவறிந்து, பசியறிந்து, நல்லதை உண்பவனுக்கு மருந்துக் கடைப் பக்கம் போகும் தேவை குறையும் என்பதே அதன் பொருள். சோற்றுப் பருக்கைக்குள் தடுப்பூசி இருக்கும் என்று எண்ணி முன்னோர் அதைச் சொல்லவில்லை. ஆனால் கடந்த முப்பது ஆண்டுகளுக்கு மேலாக உயிரியல் தொழில்நுட்பம் அந்த வாசகத்தைச் சொல்லுக்குச் சொல் உண்மையாக்கப் பார்க்கிறது. நெல்லிலும் சோளத்திலும் உருளைக்கிழங்கிலும் மருந்துப் புரதங்களை விளைவிக்கும் முயற்சியைத்தான் சொல்கிறேன்.

நான் விஞ்ஞானி அல்லன். ஆசிரியர் கலாசாலையில் விஞ்ஞானம் பயின்று, வயல் சூழ்ந்த ஒரு கிராமத்துப் பாடசாலையில் தரம் 10, 11 பிள்ளைகளுக்கு அதைக் கற்பித்து வருபவன். மரபணு பற்றிய பாடத்தை நடத்தும்போதெல்லாம் இந்த விடயம் என் மனத்தில் வந்து நிற்கும். கவிதையும் கதையும் வரும் சஞ்சிகையில் இதற்கு என்ன வேலை என்று சிலர் கேட்கலாம். பக்கத்து வீட்டான் உண்ணும் சோற்றைப் பற்றிய கேள்வி அறத்தைப் பற்றிய கேள்விதான். அறத்தைப் பேசாத இலக்கியம் நம்மிடம் எப்போது இருந்தது?

முதலில் விடயத்தை எளிமையாகச் சொல்லிவிடுகிறேன். நம் உடலில் நடக்கும் வேலைகளிற் பெரும்பாலானவற்றைச் செய்வன புரதங்கள். எந்தப் புரதத்தை எப்படிச் செய்வது என்ற குறிப்பு மரபணுவில் இருக்கிறது. ஓர் உயிரின் குறிப்பை இன்னோர் உயிருக்குள் வைத்தால், அந்த உயிரும் அதே புரதத்தைச் செய்யும். நீரிழிவுக்காரருக்கு ஏற்றும் இன்சுலின் இதற்கு நல்ல உதாரணம். ஒரு காலத்தில் அது மாட்டினதும் பன்றியினதும் கணையத்திலிருந்து எடுக்கப்பட்டது. அதைப் போட்டுக்கொள்வதா வேண்டாமா என்று நம்மவர்கள் தடுமாறிய காலம் அது. மனித இன்சுலினின் குறிப்பைப் பற்றீரியாவுக்குள் வைத்து உற்பத்தி செய்த மருந்துக்கு 1982இல் ஐக்கிய அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. பன்றியின் தேவை அதன் பின் படிப்படியாக அற்றுப்போயிற்று.

பற்றீரியாவை வளர்க்க உருக்குத் தாங்கிகளும் கிருமி நீக்கமும் ஓயாத கண்காணிப்பும் வேண்டும். செலவு அதிகம். செடிக்கு மண்ணும் தண்ணீரும் வெயிலும் போதும். ஆகவே செடியையே மருந்துத் தொழிற்சாலை ஆக்கினால் என்ன என்று விஞ்ஞானிகள் யோசித்தார்கள். சார்ள்ஸ் ஆன்ட்சன் என்ற அமெரிக்க விஞ்ஞானியின் குழுவினர், வயிற்றோட்டத்தை உண்டாக்கும் ஒருவகைக் கிருமிக்கு எதிரான தடுப்புமருந்தை உருளைக்கிழங்கில் விளைவித்தார்கள். அதைப் பச்சையாக உண்ட 11 தன்னார்வலர்களில் 10 பேருடைய உடலில் எதிர்ப்புச் சக்தி கூடியதாக 1998இல் முடிவு வெளியானது. அடுத்தது வாழைப்பழத்தில் தடுப்புமருந்து என்று பத்திரிகைகள் எழுதின. குளிர்சாதனப் பெட்டி வேண்டாம், ஊசி வேண்டாம், தாதி வேண்டாம். ஏழை நாட்டுப் பிள்ளை பழத்தைத் தின்று நோயிலிருந்து தப்பும் என்பது அந்தக் கனவு. அழகான கனவுதான். அதை எள்ளி நகையாடும் நோக்கம் எனக்கில்லை.

இந்த விடயத்தைப் பேசத் தொடங்கியதும் நம் வட்டத்தில் எழும் முதலாவது ஆட்சேபம், இது அல்லாஹ்வின் படைப்பில் கைவைப்பது என்பதாகும். அந்தக் கவலையை நான் மதிக்கிறேன். ஆனால் அது மட்டும் போதாது. ஒட்டு மாமரத்தின் நிழலில் இருந்துகொண்டு அதை முழுமையாகச் சொல்ல முடியாது. நாம் அவித்துத் தின்னும் சோளம், ஏறத்தாழ 9000 ஆண்டுகளுக்கு முன் மெக்சிக்கோவில், ஒரு காட்டுப் புல்லிலிருந்து மனிதர் தெரிந்தெடுத்துத் தெரிந்தெடுத்து உருவாக்கிய பயிர். பற்றீரியா செய்த இன்சுலினை இன்று நம் பள்ளிவாசல் நிருவாகிகளும் ஏற்றிக்கொள்கிறார்கள். மரபணுவைத் தொட்டதே பாவம் என்றால் அதையும் மறுக்க வேண்டும்.

வேறு சில நுணுக்கமான கேள்விகளும் உண்டு. தாய்ப்பாலிலுள்ள புரதத்தின் குறிப்பை நெல்லில் வைத்தால், அந்த அரிசியை உண்டவர்களிடையே பால்குடி உறவு ஏற்படுமா என்று ஆசிரியர் ஓய்வறையில் ஒரு நண்பர் கேட்டார். சிரிப்பதற்காகக் கேட்டாரோ, சிந்தித்துக் கேட்டாரோ தெரியாது. கேள்வி சிறியதல்ல. ஆயினும் அதற்கு விடை சொல்வது உலமாக்களின் வேலை. நான் கேட்க விரும்பும் கேள்வி மார்க்கத் தீர்ப்புக்கு முன்னாலேயே நிற்பது. எந்த மதத்தவனும் எந்த மொழிக்காரனும் கேட்கக்கூடியது. சாப்பிடுபவனுக்கும் பக்கத்து வயற்காரனுக்கும் நாம் என்ன கடன் பட்டிருக்கிறோம் என்பதே அது.

உணவுக்கும் மருந்துக்கும் என்ன வேறுபாடு? இரண்டும் வாய்வழியே போகலாம். இரண்டும் உயிரைக் காக்கலாம். ஆனால் மருந்துக்கு அளவு உண்டு, ஆள் உண்டு, அறிவிப்பு உண்டு. இத்தனை மில்லிகிராம், இந்த நோயாளிக்கு, இன்ன திகதிக்கு முன் என்று வைத்தியர் எழுதித் தருவார். ஒருவரின் மருந்தை மற்றவர் குடித்தால் கேடு. உணவு அப்படியல்ல. கலியாண வீட்டில் ஒரு சஹனைச் சுற்றி ஆறு பேர் இருக்கிறோம். ஒருவர் நீரிழிவுக்காரர், ஒருவர் இளைஞர், ஒருவர் யாரென்றே தெரியாத வெளியூர்க்காரர். சோற்றில் என்ன இருக்கிறது என்று ஒருவரும் கேட்பதில்லை. பிஸ்மி சொல்லிக் கை வைக்கிறோம். கேட்காமல் உண்ண முடிவதால்தான் அது விருந்து. விதைத்தவன் முதல் சமைத்தவன் வரை அத்தனை பேர் மீதும் நாம் வைக்கும் நம்பிக்கை அதில் இருக்கிறது. நம் வழக்கில் அதற்குப் பெயர் அமானிதம்.

உணவுப் பயிரில் மருந்தை விளைவிக்கும்போது நடப்பது என்ன? அளவும் ஆளும் அறிவிப்பும் தேவைப்படும் ஒன்றை, அவை எதுவும் இல்லாமலே உண்ணப்படும் ஒன்றின் உருவத்துக்குள் வைக்கிறோம். மருந்துச் சோளமும் தின்னும் சோளமும் பார்வைக்கு ஒன்று, மணத்தில் ஒன்று, சுவையில் ஒன்று. இரண்டையும் பிரித்து வைப்பது வேலியும் வரம்பும் இயந்திரம் கழுவும் கூலியாளும்தான். வரம்பு உடைந்தால் என்ன ஆகும் என்று கற்பனை செய்யத் தேவையில்லை. அது நடந்திருக்கிறது.

அமெரிக்காவின் டெக்சஸ் மாநிலத்தைச் சேர்ந்த புரொடிஜீன் என்ற கம்பனி, பன்றிக் குட்டிகளுக்கு வரும் வயிற்றோட்ட நோய்க்கான தடுப்புமருந்தைச் சோளத்தில் விளைவித்தது. 2001இல் நெப்ரஸ்கா மாநிலத்தில் ஒரு வயலில் அது பரீட்சார்த்தமாகப் பயிரிடப்பட்டது. அறுவடை முடிந்தது. அடுத்த ஆண்டு அதே நிலத்தில் சோயா விதைத்தார்கள். முந்திய போகத்தில் உதிர்ந்த மணிகள் சோயாவுக்கு நடுவே முளைத்து வந்தன. வயல் செய்யும் எவருக்கும் இதில் வியப்பில்லை. போன போகத்து நெல் இந்தப் போகத்தில் தலை காட்டாத வயல் உண்டா? முளைத்த சோளத்தை முற்றாக அகற்றும்படி அரச பரிசோதகர்கள் சொல்லியும் அது ஒழுங்காக நடக்கவில்லை. சோயா அறுவடையோடு சோளச் செடியின் துணுக்குகளும் சேர்ந்து வந்தன. ஏறக்குறைய 500 புசல் சோயா, அவ்றோரா என்ற ஊரின் களஞ்சியத்தில் கொட்டப்பட்டு, அங்கிருந்த 5 இலட்சம் புசலோடு கலந்துவிட்டது. அதாவது 13,000 தொன்னுக்கும் மேல்.

பன்றி என்ற சொல் வந்ததும் நம்மிற் பலர் அங்கேயே நின்றுவிடுவோம். உண்மையில் அந்தப் புரதம் பன்றியினுடையது அல்ல, பன்றியைத் தாக்கும் வைரசினுடையது. அது ஆட்டுக்கான மருந்தாக இருந்திருந்தாலும் என் கேள்வி மாறாது. தனக்கு எழுதப்படாத மருந்தை, தான் அறியாமல், ஒரு மனிதன் உண்ணும் நிலை வந்ததே என்பதுதான் கேள்வி. நல்வேளையாக அந்தச் சோயா சந்தைக்குப் போகுமுன் தடுத்து அழிக்கப்பட்டது. அதே ஆண்டு அயோவா மாநிலத்தில், அதே கம்பனியின் சோளத்திலிருந்து மகரந்தம் பறந்திருக்கலாம் என்ற ஐயத்தில் 155 ஏக்கர் சோளம் எரிக்கப்பட்டது. கம்பனிக்கு 250,000 டொலர் தண்டம். சோயாவை வாங்கி அழிக்கும் செலவு ஏறத்தாழ 30 இலட்சம் டொலர். 2003இல் விதிகள் இறுக்கப்பட்டன. திறந்தவெளியில் மகரந்தம் சிந்தும் மருந்துச் சோளத்துக்கும் மற்றச் சோளத்துக்கும் இடையே ஒரு மைல் தூரம் வேண்டும், சுற்றிவர 50 அடி வெறும் நிலம் வேண்டும், விதைக்கவும் அறுக்கவும் தனி இயந்திரம் வேண்டும் என்றார்கள்.

இந்தக் கதையைப் போடியாராக இருந்த என் மாமா ஒருவருக்குச் சொன்னேன். பள்ளிக்கூடம் அதிகம் போகாதவர். வட்டையில் அறுபது போகம் கண்டவர். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அவர் சொன்னது இவ்வளவுதான்: “மருமகன், வரம்பு எண்டது எனக்கு மட்டும் சொந்தமில்ல, பக்கத்து வயல்காரனுக்கும் அது காவல். தண்ணிக்கு வரம்பு கட்டலாம். காத்துக்கும் குருவிக்கும் ஆரு வரம்பு கட்டுற?” ஒரு மைல் என்று எழுதிய அதிகாரியின் மனத்திலும் இந்தக் கேள்விதான் இருந்திருக்கும்.

லேபல் ஒட்டினால் போதாதா என்று கேட்பவர்கள் உண்டு. நம் நாட்டிலும் மரபணு மாற்றிய உணவுகளுக்கு அனுமதியும் லேபலும் வேண்டும் என்ற ஒழுங்குவிதிகள் 2006இல் ஆக்கப்பட்டன. அவை நல்லவையே. ஆனால் விற்பவனுக்குத் தெரிந்ததைத்தான் லேபல் சொல்லும். நெப்ரஸ்காக் களஞ்சியத்தில் சோயாவைக் கொட்டிய கமக்காரர்களில் எத்தனை பேருக்கு அதில் மருந்து கலந்தது தெரியும்? எவரும் அறியாமல் கலந்ததை எந்த லேபலும் சொல்லாது.

நெல் சோளத்தைப் போன்றதல்ல என்பது இன்னொரு பதில். உண்மைதான். சோளத்தின் மகரந்தம் காற்றில் போகும். நெல் பெரும்பாலும் தன் பூவிலேயே தான் கருக்கட்டும். ஆனால் கலப்பு காற்றால் மட்டும் வருவதில்லை. களைநாசினியைத் தாங்கும்படி மாற்றப்பட்ட ஒரு நெல்லினம் அமெரிக்காவில் 2001 வரை பரீட்சார்த்தமாகப் பயிரிடப்பட்டுப் பின் நிறுத்தப்பட்டது. 2006இல் பார்த்தால் அது சாதாரண நீள அரிசியில் கலந்திருந்தது. ஜப்பான் அந்த வகை அரிசியை வாங்குவதை நிறுத்தியது. ஐரோப்பா சோதித்துத்தான் எடுப்போம் என்றது. விலை சரிந்தது. பேயர் கம்பனி 2011இல் கமக்காரர்களுக்கு 75 கோடி டொலர் கொடுக்க உடன்பட்டது. கலப்பு எந்த வழியால் வந்தது என்பதை அரச விசாரணையால் நிச்சயப்படுத்த முடியவில்லை. அது மருந்து நெல் அல்ல. மருந்து நெல்லாக இருந்திருந்தால் என்பதைத்தான் நாம் யோசிக்க வேண்டும்.

இவ்வளவு தூரம் வந்தவர்கள், அப்படியானால் வேண்டவே வேண்டாம் என்று சொல்லி எழுந்துவிடலாம். என்னால் அப்படி எழ முடியவில்லை. அதற்குக் காரணம் ஒரு பிள்ளை.

எனக்கு மூத்தவராக ஒரு காக்கா பிறந்திருந்தார். இரண்டு வயதாகுமுன் வயிற்றோட்டத்தில் மௌத்தாகிவிட்டார். ‘ஜீவனி’ப் பைக்கற்று எங்கள் ஊருக்கு வராத காலம். ஆஸ்பத்திரிக்குப் போக மாட்டு வண்டி பிடித்துத் தோணித் துறைக்குப் போக வேண்டும். உம்மா அதைப் பற்றி அதிகம் பேசியதில்லை; ஆனால் வீட்டில் எந்தப் பிள்ளைக்கு வயிறு இளகினாலும் அவர் கை நடுங்கும். இன்றும் உலகில் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் ஆண்டுக்கு 4 இலட்சத்துக்கும் அதிகமானோர் வயிற்றோட்டத்தால் இறக்கிறார்கள்.

அமெரிக்காவில் வென்ட்ரியா என்ற கம்பனி, தாய்ப்பாலில் இருக்கும் லக்ரோபெரின், லைசோசைம் என்ற இரு புரதங்களை நெல்லில் விளைவித்தது. கைக்குழந்தையின் வயிற்றைக் கிருமிகளிடமிருந்து காப்பதில் இவற்றுக்குப் பங்கு உண்டு. ஜீவனி போன்ற உப்புக் கரைசலில் இவற்றைக் கலந்து, பெரு நாட்டில் வயிற்றோட்டத்தால் வருந்திய 140 குழந்தைகளிடையே ஓர் ஆய்வு நடந்தது. புரதம் கலந்த கரைசலைக் குடித்த குழந்தைகளுக்கு நோய் ஏறத்தாழ ஒன்றரை நாள் முன்னதாகவே நின்றது என்று 2007இல் முடிவு வெளியானது. ஏழை நாட்டுப் பிள்ளைகளிடம் பரீட்சிப்பது சரியா என்ற வாதமும் பெருவில் எழுந்தது. அது நியாயமான வாதம். ஆனால் ஒன்றரை நாள் என்பது, வற்றிப்போன கண்களோடு மடியிற் கிடக்கும் பிள்ளையைப் பார்த்துக்கொண்டிருக்கும் தாய்க்குச் சிறிய கணக்கு அல்ல. அந்தப் பாலாடைக் கரைசலை யாராவது என் உம்மாவின் கையில் கொடுத்திருந்தால், எந்த வயலில் விளைந்தது என்று அவர் கேட்டிருக்க மாட்டார். கேட்கவும் தேவையில்லை. அந்தக் கேள்வியை அவருக்காக முன்கூட்டியே கேட்டு முடித்திருக்க வேண்டியவர்கள் வேறு ஆட்கள்.

அவர்கள் கேட்டார்களா? அந்த நெல்லை மிசூரி மாநிலத்தில் விதைக்க 2005இல் ஏற்பாடாயிற்று. அங்குள்ள நெல் விவசாயிகள் அஞ்சினார்கள். இறுதியில் பெருந்தடையாக வந்து நின்றது ஒரு பியர் கம்பனி. அன்ஹொய்சர் புஷ் என்ற அந்தக் கம்பனி அமெரிக்காவில் மிக அதிகமாக அரிசி வாங்கும் நிறுவனம். மருந்து நெல் விளையும் மாநிலத்தின் அரிசியை வாங்க மாட்டோம் என்றது. நெல் கன்சாஸ் மாநிலத்துக்குப் போயிற்று. அங்கே வணிக நெல் விளைவதில்லை. சோற்றின் தூய்மையைக் காக்க மதுக் கம்பனி வர வேண்டியிருந்தது என்பதை வாசித்தபோது எனக்குச் சிரிப்பும் வந்தது, வெட்கமும் வந்தது. அவர்கள் காத்தது தம் வியாபாரத்தை. நாளைக்கு வியாபாரம் வேறு பக்கம் சாய்ந்தால் அந்தக் காவலும் சாயும். ஏழைப் பிள்ளைக்கு என்று சொல்லப்பட்ட அந்த நெற்புரதங்களோ, பிற்காலத்தில் ஆய்வுகூடங்களில் உயிரணு வளர்க்கும் பொருள்களாகவே கூடுதலாக விலை போயின. கரைசல் ஊர் ஊராகப் பரவவில்லை. ஏழையின் பெயரைச் சொல்லி வயலைத் திறந்தவர்கள், விளைந்ததை ஏழையின் வாசலுக்குக் கொண்டு சேர்க்கக் கடமைப்பட்டிருக்கவில்லை. இதையும் கணக்கில் எடுக்க வேண்டும்.

மறுபக்கமும் ஒன்று உண்டு. 2014இல் மேற்கு ஆபிரிக்காவில் எபோலா பரவியபோது, சியரா லியோனின் கெனெமா வைத்தியசாலையில் நோயாளரைக் காக்கும் பணிக்குத் தலைமை தாங்கியவர் டொக்டர் ஷேக் உமர் கான். நூற்றுக்கு மேற்பட்ட எபோலா நோயாளருக்குச் சிகிச்சை அளித்த அவரையும் நோய் பிடித்தது. அவர் கிடந்த கைலாஹுன் சிகிச்சை நிலையத்தில் ‘சீமெப்’ என்ற மருந்து கொஞ்சம் இருந்தது. புகையிலைக் குடும்பத்துச் செடியொன்றின் இலையில் விளைந்த மருந்து அது. அமெரிக்காவின் கென்டக்கி மாநிலத்தில், மூடிய கட்டடத்துக்குள் வளர்ந்த செடி; எவரும் உண்ணாத செடி. மரபணு இலைக்கு மட்டும் ஏற்றப்படுவதால் விதைக்கோ மகரந்தத்துக்கோ அது போவதில்லை. இலையோடு அந்தக் குறிப்பும் முடிந்துவிடும்.

அந்த மருந்து அதுவரை எந்த மனிதனுக்கும் கொடுக்கப்பட்டிருக்கவில்லை. கொடுப்பதா வேண்டாமா என்று வைத்தியர்கள் நீண்ட நேரம் விவாதித்தார்கள். மருந்தே அவரைக் கொன்றுவிட்டால்? அந்நிய வைத்தியர்கள் எங்கள் டொக்டரைக் கொன்றார்கள் என்று மக்கள் நம்பிக்கை இழந்தால்? இறுதியில் கொடுக்கவில்லை. 2014 ஜூலை 29ஆம் திகதி அவர் காலமானார். சில தினங்களுள் லைபீரியாவில் இரு அமெரிக்கர்களுக்கு அதே மருந்து கொடுக்கப்பட்டது. அவர்கள் பிழைத்தார்கள். பிழைத்தது மருந்தாலா என்பதை அந்த இரண்டு பேரைக் கொண்டு தீர்மானிக்க முடியாது. 2019இல் கொங்கோவில் நடந்த ஆய்வில் வேறு இரண்டு மருந்துகள் இதைவிடச் சிறந்தவை எனக் கண்டு இதைக் கைவிட்டார்கள். அந்தத் தீர்மானம் சரியா, ஓர் ஆபிரிக்கருக்குத் தயங்கிய கை அமெரிக்கருக்கு ஏன் தயங்கவில்லை என்ற கேள்வி இன்றும் பலரைச் சுடுகிறது. என்னையும் சுடுகிறது.

ஆனால் இந்தச் சம்பவத்தையும் நெப்ரஸ்காச் சம்பவத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். சாகக் கிடக்கும் ஒரு மனிதருக்கு, அவரைக் காப்பாற்றும் நோக்கத்தோடு, ஒரு மருந்தைக் கொடுக்கும் முன் வைத்தியர்கள் அவ்வளவு நேரம் நடுங்கினார்கள். நோயே இல்லாத ஆயிரமாயிரம் மனிதருடைய கோப்பைக்குள் அவர்களுக்குத் தேவையில்லாத ஒன்று போக இருந்தபோது, ஒரு நிலத்தில் முளைத்ததைப் பிடுங்கக்கூட ஒழுங்காக ஆள் விடப்படவில்லை. ஒரே அறிவிலிருந்து பிறந்த இரண்டு வேலைகள். ஒன்று மருந்தை மருந்தாகவே நடத்தியது. மற்றது மருந்தைத் தானியமாக நடத்தியது.

ஆகவே செடியில் மருந்து விளைவதை நான் மறுக்கவில்லை. அது மருந்து என்பதை விளைவிப்பவன் மறக்கக் கூடாது என்கிறேன். உண்ணாத செடிகள் இருக்கின்றன. மூடிய மனைகள் இருக்கின்றன. கரட் கிழங்கின் உயிரணுக்களை வயலே இல்லாமல் மூடிய பாத்திரங்களில் வளர்த்து, கோஷே என்ற அரிய பரம்பரை நோய்க்கு மருந்து செய்கிறார்கள். 2012இல் அமெரிக்காவில் அதற்கு அனுமதி கிடைத்தது. வழி இருக்கும்போது ஊரார் உண்ணும் தானியத்தைத் திறந்த வயலில் இதற்குப் பயன்படுத்துவது, வேறு பாதை இருக்க மற்றவன் நாற்றுமேடையை மிதித்துக்கொண்டு போவதற்கு ஒப்பானது.

மூடிய மனை செலவு கூடியது, மருந்து விலை ஏறும், இறுதியில் ஏழைப் பிள்ளைதான் இழக்கும் என்பது இதற்கு எதிரான வலிய வாதம். இதை நான் பல நாள் யோசித்தேன். திறந்த வயல் ஏன் மலிவு? மண்ணும் வெயிலும் இலவசம் என்பது ஒரு காரணம். மற்றக் காரணம், வரம்பு உடைந்தால் வரும் நட்டத்தைக் கம்பனி தன் கணக்கில் எழுதாமல் விடுவது. அது பக்கத்து வயற்காரனின் கணக்கிலும், களஞ்சியக்காரனின் கணக்கிலும், பெயர் தெரியாத ஒருவன் உண்ணும் கோப்பையிலும் எழுதப்படுகிறது. அவர்களை ஒருவரும் கேட்கவில்லை. கேட்காமல் எடுத்ததைக் கடன் என்றும் சொல்ல முடியாது. அப்படி மலிந்த மருந்தை என் காக்காவின் பெயரால் நியாயப்படுத்த நான் உடன்பட மாட்டேன். அவருக்கு அன்று வேண்டியிருந்தது ஒரு பைக்கற்று ஜீவனியும் ஒரு பாதையும். அவை கிடைக்காமற் போனதற்கு விஞ்ஞானம் மட்டும் காரணமல்ல.

ஓர் உயிர்காக்கும் மருந்து உணவுப் பயிரில், திறந்த வயலில் மட்டுமே விளையும், வேறு வழியே இல்லை என்ற நிலை நாளை வந்தால்? அப்போது என் பதில் இவ்வளவு இலகுவாக இராது. அந்தப் பயிர் மனிதர் உண்ணாத இடத்தில், சுற்றியுள்ளவர்களைக் கேட்டு, அவர்கள் சம்மதித்து, நட்டம் வந்தால் யார் கொடுப்பது என்று முன்னரே எழுதி வைத்துச் செய்ய வேண்டும் என்பேன். அதற்குப் பின்னும் என் நெஞ்சில் ஒரு தயக்கம் மிஞ்சும். அந்தத் தயக்கத்தை நான் குறையாகக் கருதவில்லை. கைலாஹுனில் அந்த வைத்தியர்களுக்கு இருந்தது அது. நெப்ரஸ்காவில் இல்லாமற் போனதும் அதுதான்.

தரம் 11இல் ஒரு மாணவி, “சேர், இது நல்லதா கெட்டதா எண்டு ஒரு வசனத்தில எழுதச் சொன்னா என்ன எழுதுற?” என்று கேட்டாள். பரீட்சைக்கு ஒரு வசனம் வேண்டியிருப்பது அவளுடைய நியாயம். இப்படி எழுதச் சொன்னேன்: நோயாளிக்கு மருந்து மருந்தாகப் போய்ச் சேர வேண்டும், பசித்தவனுக்குச் சோறு சோறாகப் போய்ச் சேர வேண்டும், இரண்டுக்கும் நடுவே வரம்பு கட்டும் செலவு, அந்த வயலால் இலாபம் காண்பவனுடையது.